பலூன்காரர் வீட்டு மாப்பிள்ளை

வேற்று ஆள் யாராவது வந்து வேலையைப் பறித்திருந்தால் பலூன்காரர் அவனை வாயார வைதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். பறிக்க வந்தவன் சொந்த மருமகனாகப் போய்விட்டான். அதுவும் அவரே தேடிப் பிடித்து, வீட்டில் எல்லோரையும் சம்மதிக்க வைத்து, மகளுக்குக் கட்டிவைத்த மருமகன். யாரைப் போய் நொந்துகொள்வது?

வானிலை அலுவலகத்தில் பலூன் விடுவது அவர் வேலை. விமான நிலைய வேலியை ஒட்டி ஒரு மைதானம், ஒரு தகரக் கொட்டகை, சுவரோரம் கேஸ் உருளைகள். விடிகாலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. ஆள் உயரப் பலூனின் அடியில் கைக்கடக்கமான ஒரு பெட்டியைக் கட்டி விட்டால், அது மேலே போகப் போக, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். கடைசியில் எங்கோ உயரத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி யார் வீட்டுக் கூரையிலாவது விழும். நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்கிறவர்கள் குளிர்சாதன அறையில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சோறு போடுவதே தன் பலூன்தான் என்பது அவருடைய கட்சி. கயிறு கையை விட்டு நழுவும் அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருஷம் சேவல் கூவும் முன்பே எழுந்திருக்கிறார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இப்படி இருக்கையில் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. அரசாங்கத்துக்கு யோசனை வந்தால் யார் வீட்டு அடுப்பிலாவது பூனை தூங்கும். பயணிகள் விமானங்கள் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கின்றன, அவற்றின் மூக்குப் பக்கம் கட்டைவிரல் அளவு சென்சரைப் பொருத்தினால் வேண்டிய விவரம் எல்லாம் கிடைத்துவிடுமே, பலூன் எதற்கு? ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். முதலில் ஒரு பருவம் சோதனை. விடிகாலைப் பலூன் போகும் நேரத்தில் கிளம்பும் விமானங்கள் சொல்வதையும் பலூன் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் முழு ஒப்பந்தம் கம்பெனிக்கு. பலூன் கொட்டகைக்குப் பூட்டு.

அந்தக் கம்பெனியில் சென்சரைச் சரிபார்த்து விமானத்தில் பொருத்தும் இன்ஜினியர்தான் மருமகன். முன்பொரு நாள் பலூன் விடுவதைப் பார்க்க வேண்டுமென்று கொட்டகைக்கு வந்தவன், பெட்டியைத் தொடும் முன் தன் கையைக் கைக்குட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். இப்படித் துடைத்துக்கொள்கிறவன் பெண்டாட்டியையும் நன்றாகத்தான் வைத்துக்கொள்வான் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். முடிவு தப்பவில்லை. மகளும் மருமகனும் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். சாப்பாடு கீழே, எல்லோரும் ஒன்றாக.

சோதனை தொடங்கிய புதிதில் சாப்பாட்டு மேசையில் ஒரே கேலிதான்.

"என்ன மாமா, இன்னைக்கு உங்க பலூன் எங்க விமானத்தை முந்திடுச்சா?"

"பலூனுக்கு டிக்கெட் வேணாம் மாப்பிள்ளை. அது பாட்டுக்குப் போகும்."

"ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வீட்ல சாப்பிடுது," என்பாள் அவர் மனைவி. "ஓட்டுப் போடறது மட்டும் நானும் என் பொண்ணும். ஒழுங்கா சாப்பிட்டு எந்திரிங்க."

அவரும் சிரிப்பார். ஆனால் முடிவுகள் வர வர அந்தச் சிரிப்பு தேய்ந்தது. பலூன் சொன்னதையே விமானங்களும் சொல்லின, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. கேஸ் நிரப்பும் உதவியாளர், ஆறடிக்குக் குறையாத மனிதர், அவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு நாள் உருளைமேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அண்ணே, நம்ம கதை முடிஞ்சுது. உங்களையாவது மாப்பிள்ளை பார்த்துக்குவாரு. நான் எங்க போறது?" பலூன்காரர் குனிந்து கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அப்புறம்தான் அந்த மழைக்கால விடியல் வந்தது.

பெட்டியைப் பலூனில் கட்டும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூடி போட்ட ஒரு டப்பா. அதன் அடியில் நீல நிற மணிகள். புதுச் செருப்பு வாங்கும்போது சின்னப் பொட்டலமாகப் போட்டிருப்பார்களே, அதே சாதி. ஈரத்தைக் குடித்துவிடும். ஆகையால் டப்பாவுக்குள் ஈரம் என்ற பேச்சே இருக்காது. பெட்டியை உள்ளே வைத்து மூடினால், அந்த நேரம் அது எதைக் காட்டுகிறதோ அதுதான் சுழியம் என்று கணினி எடுத்துக்கொள்ளும். மணிகள் குடித்துக் குடித்து வயிறு நிரம்பிப்போனால் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். உடனே கொட்டிவிட்டுப் புது மணிகளைப் போட வேண்டும். போடாவிட்டால் டப்பாவுக்குள் தங்கிவிட்ட ஈரத்தையும் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, பலூன் மேலே போய் எல்லாக் காற்றையும் உள்ளதைவிட உலர்ந்ததாகச் சொல்லும்.

அன்றைக்கு நெட்டை லீவு. கூரை ஒழுகியது. கேஸ் நிரப்புவதும் கயிறு கட்டுவதும் ஒரே ஆளாகச் செய்ய வேண்டியிருந்தது. மணிகள் ரோஜா நிறமாக இருந்ததைப் பார்த்தார். புதுப் பொட்டலம் அலுவலகக் கட்டடத்து அலமாரியில். மைதானத்தைக் கடந்து மழையில் போய் வர வேண்டும். பலூன் நிரம்பி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார்.

மதியம் அதிகாரியம்மா போன் செய்தார். கண்டிப்பான பெண்மணி, பேச்சில் ஒரு சொல் அதிகமாக இருக்காது.

"விமானமெல்லாம் ஈரத்தை அதிகமாக் காட்டுது. உங்க பக்கம் எல்லாம் சரியா?"

"எல்லாம் சரி மேடம்," என்றார், வழக்கமாகச் சொல்வதைப் போல.

போனை வைத்த பிறகுதான் மணிகள் ஞாபகத்துக்கு வந்தன. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கை போன் வரை போனதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே நெஞ்சுக்குள் ஏதோ குதித்துவிட்டது. விமானம் தப்பு என்கிறார்கள். பலூன் சரி என்கிறார்கள். அந்தச் சந்தோஷம் வெட்கம்கெட்ட சந்தோஷம்தான். அவர் அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தார்.

மறுநாள் நெட்டை வந்துவிட்டார், மழையும் இல்லை, அலமாரியும் இருந்த இடத்தில்தான் இருந்தது. பலூன்காரர் டப்பாவைத் திறந்தார், மணிகளைப் பார்த்தார், பெட்டியை உள்ளே வைத்து மூடினார். முதல் நாள் சோம்பல். இரண்டாம் நாளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மனசைப் போலக் கெட்டிக்கார வக்கீல் உலகத்தில் கிடையாது. நான் எதையும் மாற்றவில்லையே, மாற்றாமல்தானே இருக்கிறேன் என்று வாதாடியது. நெட்டையின் பிழைப்புக்காகத்தானே என்றது. கம்பெனிக்காரன் பெரிய ஆள், இந்த ஒப்பந்தம் போனால் இன்னொன்று என்றது. மருமகனைப் பற்றி மட்டும் வக்கீல் வாயே திறக்கவில்லை. டப்பாவைக் கையாள்வது பலூன்காரர் ஒருவர்தான். வேறு யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பலூன்தான் அளக்கிற படி. விமானம் சொல்வதைப் பலூனால் அளந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது, காவலுக்கு இருந்தவரும் அவரே.

மருமகன் தேய ஆரம்பித்தான். ஒவ்வொரு விமானமாக ஏணி போட்டு ஏறி, சென்சரைக் கழற்றி, மூக்கில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைத்து, அறையில் வைத்துச் சோதித்து, மறுபடி மாட்டினான். அறையில் எல்லாம் சரியாக இருந்தது. விமானத்தில் ஏறினால் ஈரம் கூடியது. முதலில் தன் கருவியைச் சந்தேகப்பட்டான். அப்புறம் தன் கையை. சாப்பாட்டு மேசையில் கேலி நின்றுபோனது. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"நீங்களும் அதே தொழில்ல இருக்கீங்க, ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி அவர்மேல் பாய்ந்தாள்.

"மெஷின்னா அப்படித்தான் மாப்பிள்ளை," என்றார் பலூன்காரர். "விடுங்க, தானா சரியாகும்."

"இல்ல மாமா. எங்க கம்பெனியில ஒருத்தன் சொல்றான், பலூன்லயே கோளாறு இருக்கலாம், ஆளை அனுப்பிச் சோதிக்கச் சொல்லுவோம்னு." மருமகன் தலையை ஆட்டினான். "நான் சண்டைக்கே போயிட்டேன். என் மாமனார் கை வெச்ச வேலைல தப்பு வராது, எழுதித் தரேன்னு சொன்னேன். அப்புறம்தான் வாயை மூடினான்."

மகள் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர்; யார் எதைப் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். அப்பாவின் முகத்தில் மட்டும் அவள் எதையும் தேடியதில்லை. பலூன்காரர் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டைத் தள்ளி வைத்தார். வயிறு சரியில்லை என்று எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் உடம்பு கூசியது. மருமகன் "மாமா" என்று கூப்பிட்டால் எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, அவர் வேலையை விட்டுடப் போறேன்கிறாரு. எனக்கு இந்தத் தொழிலுக்கான கை இல்லைங்கிறாரு. அவருக்குப் போய் கை இல்லையாம்ப்பா."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார். "காலம் ஒரே மாதிரி இருக்காதும்மா," என்ற வார்த்தைதான் வெளியே வந்தது.

அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கோழைகளுக்கு எப்போதும் ஒரு வழி அகப்படும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். மணிகளை மாற்றிவிட்டால் போதும். பலூன் உண்மை சொல்லும், விமானம் ஏற்கெனவே உண்மைதான் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகும். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தால் விழட்டும். திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக ரோஜா மணிகளைக் கொட்டிவிட்டு நீல மணிகளை நிரப்பினார். பலூன் கையை விட்டுப் போனபோது பாரம் இறங்கியது போலிருந்தது. திரும்பும் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார்.

"பாருங்க மாப்பிள்ளை, இனிமே எல்லாம் நேராகிடும். என் மனசு சொல்லுது."

மருமகனும் அன்றைக்கு வெகு நாளுக்குப் பிறகு சிரித்தான். "எனக்கும் அப்படித்தான் தோணுது மாமா," என்றான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்த வாரக் கடைசியில் அதிகாரியம்மா எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நீள மேசையின் ஒரு பக்கம் கம்பெனி முதலாளியும் மருமகனும். மறு பக்கம் அதிகாரியம்மா, பலூன்காரர்.

"இதுவரைக்கும் உங்க சென்சர் ஈரத்தைக் கூடக் காட்டுச்சு," என்றார் அதிகாரியம்மா. "இந்த வாரம் அதே அளவுக்குக் குறைச்சுக் காட்டுது. ஒரே மாதிரி தப்பு பண்ற கருவியைக் கூடத் திருத்திக்கலாம். இப்படி மாறி மாறிப் பண்றதை என்ன செய்யறது? யாராவது கை வெச்சீங்களா?"

பலூன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறைத்துக் காட்டுகிறதா? எப்படி?

மருமகன் எழுந்து நின்றான். "நான்தான் மேடம். போன ஞாயித்துக்கிழமை சென்சர் கணக்கில ஒரு எண்ணை மாத்தினேன். பலூன் சொல்றதோட ஒத்துப்போற மாதிரி ஈரத்தைக் குறைச்சு வெச்சேன்."

"சோதனைக் காலத்துல கருவியைத் திருத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல முதல் விதியே அதுதான். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "பலூன் தப்பா இருக்காது. அப்ப என் சென்சர்தானே தப்பா இருக்கணும்? அதான் திருத்தினேன்."

பலூன்காரருக்குத் தலையில் கல்லைப் போட்டது போலிருந்தது. தான் பொய்யைத் திருத்திய அதே நேரத்தில் அவன் உண்மையைத் திருத்தியிருக்கிறான். அவரை நம்பித் திருத்தியிருக்கிறான்.

முதலாளி மருமகனின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த ஆளின் கைத்தப்பு, ஆரம்பத்திலிருந்தே இவன்தான் சரியாகச் சோதிக்கவில்லை, இவனே எழுதிக் கொடுத்துவிடுவான், வேறு இன்ஜினியரைப் போட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தால் எந்த விமானத்தின் ஏணியிலும் அப்புறம் இவனை ஏறவிட மாட்டார்கள். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"எழுதிக் குடுக்கறீங்களா?" என்றார் அதிகாரியம்மா. பிறகு பலூன்காரர் பக்கம் திரும்பினார். "இந்த விவகாரத்துலயே நம்பறாப்பல இருந்தது உங்க பலூன் ஒண்ணுதான்."

மருமகன் பேனாவை எடுத்தான். எழுதும் முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மேடம்," என்றார் பலூன்காரர். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "பலூன்தான் பொய் சொல்லுச்சு. மணி மாத்தலை. ஈர மணியை வெச்சே விட்டேன். மறதி இல்ல மேடம். தெரிஞ்சே பண்ணினேன். இந்தத் திங்கக்கிழமைதான் மாத்தினேன். அதுக்கு முன்னாடி அவர் சென்சர் சொன்னது அத்தனையும் சரி."

முதலாளிக்கு முதலில் வாய் பிளந்தது, அடுத்தபடி கோபம் வந்தது, கத்தினார். அதிகாரியம்மா கையை உயர்த்தி அவரை அடக்கினார். மருமகன் மட்டும் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான்.

"சரியா இருந்துச்சா?" என்றான். "முதல் நாள்ல இருந்தே?"

"ஆமா மாப்பிள்ளை."

அவன் முகம் மலர்ந்தது. அதைத்தான் பலூன்காரர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவான், மேசையைத் தள்ளிவிட்டு எழுவான் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தார். அவனோ பரீட்சையில் தேறிவிட்டேன் என்று கேட்ட பையனைப் போலச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் அவனுக்குப் புரிந்தது.

"சரியா இருந்ததை நானே கெடுத்துட்டேனே," என்றான்.

அதிகாரியம்மா கூட்டிப் பேசுகிறவரும் இல்லை, குறைத்துப் பேசுகிறவரும் இல்லை. பலூன்காரர் நாளையிலிருந்து கொட்டகைப் பக்கம் வரக் கூடாது, விசாரணை நடக்கும். ஒரு பருவத்துச் சோதனை முழுவதும் குப்பை. அடுத்த மழைக்காலத்தில் புதிதாகத் தொடங்குவார்கள். கருவி சரியானதுதான் என்று எழுதுவார். ஆனால் அதில் கை வைத்தவரை மறுபடி இந்த வேலையில் சேர்க்க விதி இடம் கொடுக்காது. "எனக்கே மனசு கேக்கலை," என்றார் மருமகனிடம். "ஆனா நீங்க உங்க கருவியை நம்பியிருக்கணும்."

வெளியே வந்தபோது மருமகன் பைக்கைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். விட்டுவிட்டுப் போயிருந்தால் பலூன்காரர் சந்தோஷப்பட்டிருப்பார். "ஏறுங்க," என்றான். அவ்வளவுதான், மாமா என்று சொல்லவில்லை. எப்போதும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர், அன்றைக்குப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினார். அகப்பட்ட ஒவ்வொன்றும் சின்னதாக இருந்தது.

வாசலிலேயே மகள் நின்றாள். கூட்டம் என்று தெரிந்து பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். "என்னங்க ஆச்சு?" என்று கணவனைக் கேட்டாள்.

"என் சென்சர் சரியாத்தான் இருந்துச்சு," என்றான் அவன். "முதல்ல இருந்தே."

"நான் சொல்லல? நான் அப்பவே சொல்லல?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருங்க கண்டுபிடிச்சாங்க?"

"உங்கப்பாவைக் கேளு," என்று சொல்லிவிட்டு அவன் மாடிப்படி ஏறிப் போனான்.

அவள் ஓடி வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்ப்பா," என்றாள். "நீங்க இருக்கும்போது அவருக்கு ஒண்ணும் ஆக விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அதிகாரியம்மாவுக்கு முன்னால் ஒப்புக்கொண்டது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே சமையலறையில் மனைவி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மாடியில் கதவு சாத்திக்கொண்டது. கைகளை இழுத்துக்கொண்டு பேசலாம் என்று பார்த்தார், அவள் விடவில்லை.

"கண்டுபிடிக்கலைம்மா," என்றார். "பண்ணினதே நான்தான்."

அவளுக்கு உடனே புரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வகுப்பில் பிள்ளைகளைப் பார்ப்பது போல. பிறகு பிடித்திருந்த கைகளை மெதுவாக விட்டாள்.